ஒன்பது பெட்டிகளில் ஒரு படகுத்துறை

கம்ப்யூட்டரில் சேமித்ததைக் காக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு எழுதச் சொன்னார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளன் இல்லை. மட்டாஞ்சேரியில் ஒரு மலையாளப் பத்திரிகையின் படப் பிரிவில், படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதும் வேலைக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவன். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அலுவலகத்தில் எல்லோருக்கும் சங்கரேட்டன். மலையாளத்தில் ஏட்டன் என்றால் அண்ணன். படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாக எண்ணி எழுத வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால் மறுநாள் காலையில் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் படியேறி வந்துவிடுவார். அந்தப் பயத்தில் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் எண்ணுவேன், பிறகுதான் ரசிப்பேன். கம்ப்யூட்டர் பின்னால் வந்தது. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாததால் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே மிளகுக் கிடங்கு, பின்னால் காயல். அந்த ஈரத்தில் படச்சுருள்களில் பூஞ்சை ஏறியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தோம். ஒன்றோடொன்று ஒட்டிப்போன சுருள்களை இனி வைத்திருந்து பயனில்லை, கழித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதற்குப் பிறகு அந்தப் படங்கள் இருந்தது கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதை எத்தனை இடத்தில் வைப்பது? மூன்று முழுப் பிரதி வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகம் இரண்டுக்குக்கூடப் பணம் இல்லை என்றது.

களமசேரியில் கணிதம் நடத்திய ஒரு டீச்சர் எங்கள் ஞாயிறு மலருக்கு எண் புதிர் தருவார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். புதிரைக் கொடுக்க வந்த ஒரு நாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த புரூஃப் தாளைத் திருப்பி, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எழுதினார்.

"ஐந்தும் எட்டும் உங்கள் சரக்கு. பதின்மூன்று நான் கூட்டியது. இதில் ஏதாவது ஒன்றை அழியுங்கள்."

எட்டை அடித்தேன்.

"போய்விட்டதா?"

"இல்லை. பதின்மூன்றில் ஐந்து போனால் எட்டு."

"அவ்வளவுதான். மூன்று பிரதி எதற்கு? இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம்."

அவர் செய்தது இதுதான். ஒரு படத்தின் கோப்பை மேலிருந்து கீழாக ஆறு துண்டாக வெட்டினார். அந்த ஆறிலிருந்து கணக்குப் போட்டு இன்னும் மூன்று துண்டு உண்டாக்கினார். மொத்தம் ஒன்பது. அவற்றை ஒன்பது இடங்களில் வைக்க வேண்டும். எந்த மூன்று அழிந்தாலும் மீதி ஆறு போதும், முழுப் படமும் திரும்பி வரும். முழுசாக இரண்டு பிரதி வைத்தால் இடம் இரண்டு மடங்கு. அதிலும் இரண்டும் கெட்டால் கதை முடிந்தது. இதற்கு ஒன்றரை மடங்கு போதும், மூன்று இழப்பைத் தாங்கும். நீங்கள் 'இரேஷர் கோடிங்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். நாங்கள் 'பங்கு போடுவது' என்றோம்.

செய்திப் பிரிவு கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களில் புது டிஸ்க் போட்டு ஒன்பது பெட்டி தயார் செய்தேன். ஒன்று மட்டாஞ்சேரியில். மற்றவை திருப்பூணித்துறை, தேவரா, தோப்பும்படி, களமசேரி என்று எங்கள் கிளை அலுவலகங்களில். ஒவ்வொன்றுக்கும் அங்கே இருப்பவர் ஒருவரைப் பொறுப்பாக்கினேன். "இதில் பத்திரிகையின் பழைய படங்கள் இருக்கின்றன, பத்திரம்" என்று மட்டும் சொன்னேன். பங்கு போட்டிருப்பதைச் சொல்லவில்லை. நான்கு வரியில் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று நினைத்தேன்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "காணாமல் போன துண்டை இந்தக் கணக்கு கண்டுபிடித்துத் தரும். ஆனால் பொய் சொல்லும் துண்டை நம்பிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் கணக்கிட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்." அடுத்த மாதம் செய்யலாம் என்றேன். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடம் வரவில்லை. எங்கள் நிரல் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்துப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

துலா மாத மழைக்காலம், தமிழில் ஐப்பசி. முந்தின வாரம் ஒரே மத்தியானத்தில் இடி இறங்கி, டெலிபோன் கம்பி வழியாகத் திருப்பூணித்துறைப் பெட்டியையும் களமசேரிப் பெட்டியையும் எரித்துவிட்டது. இரண்டாவதும் ஒன்பதாவதும். எனக்குக் கவலை இல்லை. ஏழு மீதி இருந்தது, ஆறு போதும். புது டிஸ்க்குக்குச் சொல்லியிருந்தேன்.

காலை பத்து மணிக்கு ஒருவர் நனைந்துகொண்டே படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் மணி ஸ்ராங்கு என்றார். படகைச் செலுத்துகிற தலைமை ஆளை எங்கள் பக்கம் ஸ்ராங்கு என்போம். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். ஜூன் முதல் நாள், பள்ளி திறக்கும் அன்று, மழையில் குடை பிடித்துக்கொண்டு படகுக்கு நிற்கும் பிள்ளைகள். எல்லாப் பத்திரிகையும் எல்லா ஜூனிலும் போடுகிற படம். எட்டு வருடம் முந்தையது.

"சார், இந்த இடது ஓரத்துல நிக்கிறது எம் மோளாக்கும். ரேவதி. அப்ப ஒண்ணாங் கிளாஸ்."

"சரி."

"அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம் உண்டு. படகு கட்டுற கம்பம். அது அப்பவே சாஞ்சுதான் நின்னுச்சு. படம் எடுக்கும்போது ஞான் படகுல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன். கேமரா அந்தக் கம்பத்தையும் சேத்துதான் எடுத்துச்சு. பத்திரிகையில வந்தப்ப யாரோ அதை வெட்டிட்டாங்க."

விஷயம் இதுதான். அந்த வருட ஆகஸ்ட் மாதம் அதே துறையில் அவருடைய படகு கம்பத்தில் மோதியது. கம்பம் விழுந்து ஒரு பயணியின் கால் முறிந்தது. துறையைப் பராமரித்த ஒப்பந்தக்காரர், 'கம்பம் நட்ட நாள் முதல் நேராகவே நின்றது, ஒருமுறைகூட அதைப் பழுது பார்க்க நேரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படகு வேகமாக வந்து இடித்தது என்பது அவர் கட்சி. கம்பம் வருடக்கணக்காகத் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து, படகு வரும் வழியில் நின்றது என்பது ஸ்ராங்கின் கட்சி. அதைப் பார்த்ததாகச் சொல்ல ஆள் வரவில்லை. விசாரணையின் கடைசி அமர்வு அன்று மூன்று மணிக்கு, எர்ணாகுளத்தில். அதில் ஒன்றும் காட்ட முடியாவிட்டால் அவருடைய லைசென்ஸ் போய்விடும்.

"முப்பது வருஷமா வெள்ளத்துல இருக்கேன் சார். கரையில எனக்கு ஒரு வேலையும் தெரியாது" என்றார். வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை.

அந்தப் படத்தின் இடது ஓரத்தை வெட்டியவன் நான்தான். சாய்ந்த கம்பம் பார்க்க அழகாக இல்லை என்று வெட்டினேன். அப்போது அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பதிவேட்டில் படத்தின் எண் கிடைத்தது. உதவியாளர் ஷீபா அதை வரவழைத்தாள். இரண்டு பெட்டி இல்லை, ஏழு இருக்கிறது, போதும் என்று நிரல் சொன்னது. கால் மணி நேரத்தில் படம் திரையில் வந்தது.

மேலே மழை வானம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே, கம்பத்தின் தலை இருக்க வேண்டிய பட்டையில், மணலைக் கொட்டியது போல வெறும் புள்ளிகள். அடுத்த பட்டையில் குடைகள், கூடவே ஒரு சாண் கம்பம். அதற்கும் கீழே பிள்ளைகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள். குடைக்குக் கீழே நேராகக் கால்கள், செருப்புகள். அதற்கடுத்துச் சீருடைகள். கடைசியில் மறுபடியும் கால்கள்.

ஸ்ராங்கு திரையைப் பார்த்தார். "சார், எம் மோளு எங்கே?" என்றார்.

நியூஸ் எடிட்டர் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கு இந்தப் பங்கு போடும் ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. "நல்லா இருக்கு சங்கரா. படத்தைப் பிச்சு ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தியே, இப்ப தலை ஒரு வீட்டுல, கால் ஒரு வீட்டுல. அந்தப் பழைய சுருளாவது இருந்திருந்தா பாதி தெரிஞ்சிருக்கும்."

கழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்.

வேறு ஐந்து படங்களைத் திறந்து பார்த்தோம். எல்லாம் இதே மாதிரி. அப்படியானால் பதினாயிரக்கணக்கான படங்களும் இப்படித்தான். ஷீபா மெதுவாகக் கேட்டாள்: "சங்கரேட்டா, ரிப்பேர் ஓட்டட்டுமா? நேத்து வந்த ரெண்டு புது டிஸ்க்குல இரண்டாவதையும் ஒன்பதாவதையும் மறுபடி உண்டாக்கிட்டா சரியாகும் இல்லையா?"

"கையை எடு."

"என்ன?"

"கீபோர்டிலிருந்து கையை எடு. எதையும் எழுதாதே."

என் பணிக்காலத்தில் நான் சொன்னவற்றில் மிகவும் பெருமைப்படும் சொல் அது. ஏன் என்று சொல்கிறேன். ஏழு துண்டுகளில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியாமல் ரிப்பேரை ஓட்டினால், அந்தப் பொய்யைச் சேர்த்துக் கணக்குப் போட்டு இன்னும் இரண்டு பொய்த் துண்டுகள் பிறக்கும். ஒன்பது விளக்கும் பச்சையாக எரியும். உண்மை ஆறு எவை என்று பிறகு யார் தேடுவது? நெருக்கடியில் கை எதையாவது செய்யத் துடிக்கும். முதல் பத்து நிமிடம் அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

அந்தப் பத்து நிமிடமும் நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். எண்ணினேன். கடைசிப் பட்டையில், இடமிருந்து வலம், பதினேழு கால்கள். ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் நின்றிருந்தது. இடமிருந்து ஐந்தாவது கால் செருப்பில் வார் அறுந்து, ஊக்கு மாட்டியிருந்தது. பிறகு முகம் இருக்க வேண்டிய பட்டையை எண்ணினேன். பதினேழு கால்கள். ஐந்தாவது செருப்பில் ஊக்கு.

"ஷீபா, இது கெட்டுப்போன துண்டு இல்லை. நாலாவது பெட்டியில் ஆறாவது துண்டு இருக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டதால்தான் இரண்டாவது பட்டை மணலாக வந்தது."

நாலாவது பெட்டி தேவராவில். பொறுப்பாளர் பாபு. நல்ல மனுஷன். மழை வந்தால் பெட்டிக்குத் தன் ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். போனில் பிடித்தேன்.

"பாபு, உன் பெட்டிக்கு ஏதாவது ஆச்சா? இந்த வருஷம்?"

"அது ஏப்ரல்லயே ஞான் சரியாக்கிட்டேனல்லோ! டிஸ்க் செத்துப் போச்சு. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நானே புதுசு வாங்கிப் போட்டேன்."

"அதில் படம் எங்கிருந்து வந்தது?"

"தோப்பும்படியில இருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உக்காந்து, ஆறாம் நம்பர் பெட்டியை அப்படியே காப்பி எடுத்தேன். சோத்துப் பையில வெச்சுக் கொண்டுவந்தேன். பெயர்ல ஆறுன்னு இருந்தது, ஸ்கிரீன்ல சிவப்பு காட்டுச்சு. எல்லாத்துலயும் நாலுன்னு மாத்தினேன். உடனே பச்சை! எப்படி?"

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குத் திட்டத் தோன்றவில்லை. எல்லாப் பெட்டியிலும் ஒரே படங்கள் என்று அவர் நினைத்திருந்தார். நான்தான் அப்படி நினைக்க விட்டிருந்தேன். இத்தனைக்கும் நாலாவது துண்டையும் ஆறாவது துண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

"பிரமாதம் பாபு. இனிமேல் அதைத் தொடாதே" என்று வைத்துவிட்டேன்.

ஆக உண்மையில் மூன்று போய்விட்டது. மீதி சரியாக ஆறு. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கணக்குக்கு ஆறு போதும். ஆனால் இனி ஒன்று போனாலும் எல்லாம் போகும்.

மணி பன்னிரண்டரை. ஜன்னலுக்கு வெளியே காயல் ஈய நிறத்துக்கு மாறியிருந்தது. துலா மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். முந்தின வாரம் இரண்டு பெட்டியை எரித்த அதே இடி, அதே டெலிபோன் கம்பி.

நியூஸ் எடிட்டர் சொன்னார், இந்த முறை கிண்டல் இல்லாமல்: "சங்கரா, யோசிச்சுப் பாரு. இப்பவே ஆறு பெட்டியையும் கம்பியிலிருந்து பிடுங்கச் சொல்லு. நாளைக்கு வெயில் வரும்போது ஒவ்வொண்ணா இங்கே கொண்டுவந்து காப்பி எடுக்கலாம். ஒரு படத்துக்காக ஐம்பது வருஷப் படத்தைப் பணயம் வைக்காதே."

அவர் சொன்னது தப்பில்லை. ஸ்ராங்கு வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். "எனக்காக வேண்டாம் சார்" என்றார். ஆனால் போகவில்லை.

இரண்டையும் செய்ய வழி இருந்தது. ஆறு பெட்டியும் ஒரே நேரத்தில் கம்பியில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐந்து கிளைகளுக்கும் வரிசையாகப் போன் போட்டேன். "மோடத்தின் கம்பியைப் பிடுங்கு. இப்பவே. நான் கூப்பிடும்போது மட்டும் போடு, ஒரு துண்டு அனுப்பு, மறுபடி பிடுங்கு." ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்கு மட்டுமே ஆபத்து, அதுவும் சில நிமிடம். இடி முழக்கம் கேட்கத் தொடங்கிய கிளையை உடனே விட்டுவிட வேண்டும், படம் கிடைக்காவிட்டாலும் சரி. அதை ஸ்ராங்கின் முன்னாலேயே சொன்னேன். அவர் தலையசைத்தார்.

எங்கள் பெட்டியில் இருந்தது ஒன்றாவது துண்டு. மூன்றாவது வந்தது. ஐந்தாவது வந்தது. ஏழும் எட்டும் வந்தன. தோப்பும்படி கடைசி. அங்கே இருந்தவர், "இங்கே ஆகாசம் கறுத்துடுச்சு சங்கரேட்டா, மின்னல் தெரியுது, சத்தம் இன்னும் கேக்கல" என்றார்.

"கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நில்லு. சத்தம் கேட்ட உடனே பிடுங்கு."

"நான் நிக்கிறேன். நீங்க சீக்கிரம் எடுங்க. வீட்டுல எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

"ஐயோ, கம்பியை விடு, தள்ளி நில்லு! காலால் தட்டிவிட முடியுமா?"

"முடியும். செருப்பு ரப்பர்தான்."

எண்பது சதவீதம், தொண்ணூறு. நூறு ஆனதும் ஷீபா கத்தினாள். மறுமுனையில் போன் கட்டானது. முழக்கத்தை நாங்கள் எங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டோம். சில நிமிடம் கழித்து அவரே வேறொரு கடையிலிருந்து கூப்பிட்டு, பெட்டி சுகமாக இருப்பதாகச் சொன்னார்.

ஆறு துண்டையும் கொடுத்தோம். இந்த முறை வானம், துறையின் ஓட்டுக் கூரை, கம்பத்தின் தலை, குடைகள், முகங்கள், சீருடைகள், கால்கள். கால்கள் ஒரே ஒரு முறை. இடது ஓரத்தில், ரேவதியின் கைக்கு அந்தப் பக்கம், கம்பம் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நின்றது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானும் ஸ்ராங்குடன் போனேன். விசாரணை அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதன் ஒரிஜினல் எங்கே?"

"இல்லை. பூஞ்சை தின்றுவிட்டது. இந்தப் படத்தின் ஆறு துண்டில் இரண்டு துண்டு எங்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்த இரண்டும் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு எடுத்தவை."

ஒப்பந்தக்காரரின் ஆள் சிரித்தார். "கணக்குப் போட்டுக் கம்பத்தைச் சாய்த்திருக்கிறார்கள்."

ஸ்ராங்கு தன் உறையிலிருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். அதை நான்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். "இது எட்டு வருடம் முன்பு அச்சானது. அன்றைக்கு எங்களிடம் கம்ப்யூட்டரே கிடையாது" என்றேன். "வலது பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் கணக்கிட்ட அந்த இரண்டு பட்டைகள் படத்தின் முழு அகலத்துக்கும் ஓடுகின்றன. வலது பக்கத்தில் கூரையின் ஓடுகளும் பிள்ளைகளின் முகங்களும் அச்சோடு பொருந்தினால், அதே கணக்கில் வந்த இடது பக்கம் மட்டும் எப்படிப் பொய்யாகும்?"

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடுகளை எண்ணத் தொடங்கினார். எண்ணுகிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும். முகங்களையும் எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "அச்சில் இந்தக் கம்பத்தை வெட்டியது யார்?" என்றார்.

"நான்தான்."

"ஏன்?"

"அழகாக இல்லை."

அறையில் யாரோ சிரித்தார்கள். ஸ்ராங்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். படம் உண்மையானது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். சுருளைக் கழிக்கச் சொல்லிப் போட்ட அதே கையெழுத்து.

வெளியே வந்ததும் ஸ்ராங்கு என்னைச் சாயாக்கடைப் பக்கம் கூட்டிப் போனார். "ஆகஸ்ட்ல இருந்து அந்தப் படத்தை வெட்டின கையைச் சபிச்சிட்டு இருக்கேன் சார். இன்னைக்குச் சாயா வாங்கிக் கொடுக்க வேண்டி வருதே."

அந்த வாரம் முழுவதும் வெயில் காய்ந்த காலை நேரங்களில் ஆறு துண்டையும் நகலெடுத்து, ஒன்பதையும் மறுபடி உண்டாக்கினோம். ஒரு படம்கூடப் போகவில்லை. டீச்சர் சொன்ன அடையாள எண்ணையும் சேர்த்தேன். பிறகு எட்டுக் கிளைக்கும் நானே போய், புரூஃப் தாளின் பின்னால் ஐந்து, எட்டு, பதின்மூன்று எழுதிக் காட்டினேன். தேவராவில் பாபு எட்டை அடித்தார். பதின்மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தார். "அப்போ என்கிட்ட இருக்கிறது வேற யார்கிட்டயும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். நான் கேட்டால்கூடக் காரணம் சொன்னால்தான் திறப்பார். உங்கள் ஏற்பாட்டின் மிகப் பலவீனமான துண்டு, அதைக் காப்பவருக்கு அது என்னவென்று தெரியாத துண்டுதான். டிஸ்க்கைவிட முதலில் அவரிடம் பேசுங்கள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மணி ஸ்ராங்கின் லைசென்ஸ் அவரிடமே இருந்தது. மறுநாள் அந்தச் செய்தியோடு படத்தை முழுசாகப் போட்டோம், ஓர் ஓரமும் வெட்டாமல். கீழே இரண்டு வரி எழுத நியூஸ் எடிட்டர் என்னிடமே அனுப்பினார். வருடக்கணக்காக நான் அந்த வேலை செய்யவில்லை. பேனாவை எடுத்து எண்ணினேன். 'இடமிருந்து வலம்' என்று தொடங்கி, முதலில் கம்பத்தை எழுதினேன். அதற்குப் பிறகு ரேவதியை.